பௌதிகவியல் விதி எண்டா உண்மையில என்ன? ஏ.எல். கொப்பியை வச்சே மெய்யியலுக்குள்ள போற வழி

ஏ.எல்.ல பௌதிகவியல் செஞ்சிட்டு இப்ப பேங்க்லயோ ஐடி கம்பனியிலயோ வேலை செய்யிற ஆக்கள், இன்னும் வெள்ளவத்தை கொட்டாஞ்சேனைப் பக்கம் டியூசனுக்கு ஓடிக்கொண்டிருக்கிற பிள்ளைகள், ரெண்டு பக்கத்திலயும் கனபேருக்கு உள்ளுக்குள்ள ஒரு கேள்வி கிடக்கு. இந்த விதிகள் எல்லாம் எங்க இருக்கு? கல்லு விழேக்க அதுக்கு எப்பிடித் தெரியும் எவ்வளவு ஆர்முடுகல்ல விழ வேணுமெண்டு? கிளாஸ்ல கேட்டா "சிலபஸ்ல இல்ல" எண்டு முடிஞ்சிடும். ஆனா இது சும்மா பிள்ளைத்தனமான கேள்வி இல்ல, நியூட்டன் காலத்தில இருந்து இண்டைக்கு வரைக்கும் பெரிய ஆக்கள் சண்டை பிடிக்கிற கேள்வி, அதுக்குள்ள போறதுக்கு பட்டம் ஒண்டும் தேவையில்ல.

கனபேர் என்ன செய்யினம் எண்டா நேர யூடியூப்ல குவாண்டம் வீடியோவில தொடங்கினம், ரெண்டு கிழமையில தலை சுத்தி விட்டுடுவினம். நான் சொல்லுற வழி வேற. உங்கட பழைய பௌதிகவியல் கொப்பியில இருந்து தொடங்குங்கோ, அது போதும். அதோட ஒரு புதுக் கொப்பி, பின்னேரத்தில வாக்குவாதம் பண்ண ஒரு கூட்டாளி. அவசரப்படாமச் செஞ்சா ரெண்டு மாசத்துக்குள்ள எவனும் "விதி" எண்டு சொல்லேக்க எந்த அர்த்தத்தில சொல்லுறான் எண்டு பிடிக்கிற அளவுக்கு வந்திடலாம்.

படி 1: தெரிஞ்ச விதி எல்லாத்தையும் எழுதி, பக்கத்தில "எப்ப உடையும்" எண்டு எழுதுங்கோ

ஊக்கின் விதி, ஓமின் விதி, பொயிலின் விதி, கேர்ச்சோவின் ரெண்டு விதி, கெப்ளரின் மூண்டு, நியூட்டனின் மூண்டு, ஈர்ப்பு விதி, சக்திக் காப்பு விதி, ஞாபகம் வாறது எல்லாத்தையும் ஒரு பக்கத்தில கீழ கீழ எழுதுங்கோ. இதைக் கையால எழுத வேணும், ஏனெண்டா எழுதேக்கதான் விளங்கும் இதெல்லாம் ஒரே சாதிச் சாமான் இல்லை எண்டு.

ஊக்கின் விதியை எடுங்கோ. வில்லில நிறையைத் தொங்க விட்டு வரைபு கீறினனீங்கள், நேர்கோடு வந்தது. இன்னும் கொஞ்சம் நிறை போட்டிருந்தா மீள்தன்மை எல்லை தாண்டி கோடு வளைஞ்சிருக்கும், வில்லும் பழுதாப் போயிருக்கும். ஓமின் விதிக்கு "வெப்பநிலை மாறாம இருந்தா" எண்டு ஒரு நிபந்தனை போட்டுத்தான் படிப்பிச்சவை, ஒரு சாதாரண இழை மின்குமிழே அதுக்குக் கட்டுப்படாது, சூடாகச் சூடாகத் தடை கூடும், இருவாயி எண்டா கேக்கவே தேவையில்ல. பொயில் 1662ல சொன்ன விதி அமுக்கம் கூடக்கூட ஆட்டம் காணும், ஏனெண்டா மூலக்கூறுகளுக்கும் ஒரு பருமன் இருக்கு, ஒண்டையொண்டு இழுக்கவும் செய்யும், இதைக் கணக்கில எடுத்து வன் டர் வால்ஸ் 1873ல வேற சமன்பாடு எழுதினவர். கேர்ச்சோவின் முதலாவது விதி ஏற்றக் காப்பு, ரெண்டாவது சக்திக் காப்பு, அதால அதுகளைத் தனி விதியாக் கணக்கெடுக்கத் தேவையில்ல. கெப்ளரின் மூண்டும் நியூட்டனின் ஈர்ப்பு விதிக்குள்ள இருந்து வந்திடும், அதுவும் கிட்டத்தட்டத்தான் சரி, ஏனெண்டா கோள்களும் ஒண்டையொண்டு இழுக்குது.

இப்ப அம்புக்குறி போடுங்கோ, எது எதுக்குள்ள இருந்து வருது எண்டு. முடிவில கையில மிஞ்சுறது ஒரு நாலைஞ்சுதான். மெய்யியல்காரர் "விதிகள்" எண்டு கதைக்கேக்க பெரும்பாலும் இந்த மிஞ்சின நாலைஞ்சைப் பத்தியும், அதுக்கும் அடியில இன்னும் கண்டுபிடிக்காம இருக்கிறதைப் பத்தியும்தான் கதைக்கினம். இந்தப் படியைச் செய்யாம "விதிகள் உண்மையோ பொய்யோ" எண்டு வாதாடப் போனா ஒராள் ஊக்கின் விதியை மனசில வச்சுக் கதைப்பார், மற்றவர் ஈர்ப்பு விதியை வச்சு, விடிய விடியக் கதைச்சாலும் முடியாது.

படி 2: விதியையும் நிலைமையையும் பிரிச்செடுங்கோ

ஜி, அதாவது ஈர்ப்பால வாற ஆர்முடுகல், 9.81 எண்டு புத்தகத்தில இருக்கும், எம்சிக்யூக்கு 10 எண்டு போட்டனீங்கள். கொழும்பில அது கிட்டத்தட்ட 9.78. துருவத்தில 9.83. அப்ப எது விதி?

இதுக்கு ஒரு அருமையான சம்பவம் இருக்கு. 1672ல ஷான் ரிஷே எண்ட பிரெஞ்சு வானியலாளர் பரிசில இருந்து தென்னமெரிக்காவில இருக்கிற கயென் எண்ட இடத்துக்கு ஊசல் மணிக்கூடு கொண்டு போனார். கயென் பூமத்திய ரேகைக்கு வடக்க கிட்டத்தட்ட 5 பாகை, நாங்கள் கொழும்பில கிட்டத்தட்ட 7 பாகையில இருக்கிறம், அதால அவருக்கு நடந்தது இஞ்சையும் அப்பிடியே நடக்கும். பரிசில சரியா ஓடின மணிக்கூடு அங்க ஒரு நாளைக்கு ரெண்டரை நிமிசம் அளவில பிந்திச்சு. மணிக்கூடு பழுது எண்டு விட்டிருக்கலாம், அவர் விடேல்ல, ஊசலின்ர நீளத்தைக் குறைச்சுத்தான் சரிப்படுத்தினார். பிறகு நியூட்டன் இதை எடுத்து, பூமி சுத்துறதாலயும் நடுவில கொஞ்சம் உப்பி இருக்கிறதாலயும் அங்க ஈர்ப்பு குறைவாத் தெரியுது எண்டு காட்டினார். விதி பரிசிலயும் கயென்லயும் ஒண்டுதான். மாறினது நிலைமை.

எங்களுக்குப் பக்கத்திலயே இன்னும் பெரிய உதாரணம் கிடக்கு. இலங்கைக்குத் தெற்க இந்து சமுத்திரத்தில உலகத்திலயே பெரிய ஈர்ப்புப் பள்ளம் இருக்கு, பூமியை ஒரு ஒழுங்கான நீள்கோளமா எடுத்தா அதோட ஒப்பிடேக்க அந்த இடத்தில கடல்மட்டம் 100 மீற்றருக்கும் மேல பதிஞ்சு கிடக்கு. கீழ இருக்கிற பாறையின்ர அடர்த்தி எல்லா இடமும் ஒரே மாதிரி இல்லாததுதான் காரணம். ஈர்ப்பு விதி அங்க வேற எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல.

இப்ப கொப்பியில ரெண்டு பத்தி போடுங்கோ, ஒண்டில "விதி", மற்றதில "நிலைமை". இந்தப் பிரிப்பு இயற்கை எழுதித் தந்த ஒண்டில்ல, மனுசர் மெல்ல மெல்லக் கண்டுபிடிச்ச ஒண்டு. கெப்ளர் 1596ல எழுதேக்க ஆறு கோள் ஏன் இருக்கு, ஏன் இவ்வளவு இவ்வளவு தூரத்தில இருக்கு எண்டதுக்கே ஒரு விதி தேடினவர், அஞ்சு ஒழுங்கான திண்மங்களை ஒண்டுக்குள்ள ஒண்டு அடுக்கி. நியூட்டனுக்குப் பிறகு அந்தக் கேள்வியே "நிலைமை" பத்திக்குப் போயிட்டுது, கோள்கள் எத்தினை எண்டது விதி சொல்ல வேண்டிய விசயமே இல்ல எண்டாச்சு. இருபதாம் நூற்றாண்டில யூஜின் விக்னர் எண்ட பௌதிகவியலாளர் இந்தப் பிரிப்பைத்தான் நியூட்டன் காலத்தின்ர ஆச்சரியமான கண்டுபிடிப்பு எண்டு சொன்னவர்.

அப்ப ஈர்ப்பு மாறிலி எந்தப் பத்தி? ஒளியின்ர வேகம்? பிரபஞ்சம் தொடங்கேக்க இருந்த நிலைமை? கடைசிக் கேள்விக்கு டேவிட் அல்பேர்ட் மாதிரி மெய்யியல்காரர் அதையும் விதியாவே எடுக்க வேணும் எண்டு சொல்லினம், இல்லாட்டி காலம் ஏன் ஒரு பக்கமாவே ஓடுற மாதிரி இருக்கு எண்டதை விளக்க ஏலாது எண்டு. இதைக் கொப்பியில கேள்விக்குறியோட எழுதி வச்சிட்டு விடுங்கோ, முதல் மாசமே இதுக்குள்ள இறங்கினா வெளிய வர மாட்டீங்கள்.

படி 3: வடிவான ஒழுங்கு ஒண்டு எப்பிடிச் சரிஞ்சு விழும் எண்டு பாருங்கோ

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதேங்கோ, எனக்கு மிச்சம் பிடிச்ச படி இது.

0, 3, 6, 12, 24, 48, 96 எண்டு எழுதுங்கோ, ரெண்டாவதுக்குப் பிறகு எல்லாம் ரெண்டு மடங்கு. எல்லாத்தோடயும் 4 கூட்டி 10ஆல பிரியுங்கோ. 0.4, 0.7, 1.0, 1.6, 2.8, 5.2, 10.0 எண்டு வரும். பூமிக்கும் சூரியனுக்கும் இருக்கிற தூரத்தை 1 எண்டு எடுத்தா இது புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், ஒரு வெறும் இடம், வியாழன், சனி. தித்தியஸ் 1766ல கவனிச்சு, போடே 1772ல பரப்பினது. அந்த நேரம் சனிக்கு அங்கால கோள் இருக்கு எண்டே தெரியாது. 1781ல ஹெர்ஷல் யுரேனசைக் கண்டார், சூத்திரம் சொன்ன அடுத்த இலக்கம் 19.6, உண்மையான தூரம் 19.2. எல்லாருக்கும் புல்லரிச்சிருக்கும். அப்ப அந்த 2.8ல இருக்கிற வெறும் இடத்திலயும் ஏதோ இருக்க வேணும் எண்டு தேடத் தொடங்கிச்சினம், 1801 சனவரி முதலாந்திகதி பியாசி செரசைக் கண்டார், தூரம் 2.77.

ரெண்டு எதிர்வுகூறல், ரெண்டும் சரி. ஏ.எல். விடைத்தாள்ல "விஞ்ஞான விதி எண்டா எதிர்வுகூற வேணும்" எண்டு எழுதினா மார்க்ஸ் கிடைக்கும், அந்தக் கணக்குப்படி இது விதியேதான். பிறகு 1846ல நெப்டியூன். சூத்திரம் சொன்னது 38.8, உண்மையில 30.1. முழுக்கப் பிழைச்சுது. 1930ல கண்ட புளூட்டோ சராசரியா 39.5 அளவில இருக்கு, அதை வச்சு நெப்டியூனை விட்டிட்டு புளூட்டோவை எண்ணினா சரிவரும் எண்டு சொன்ன ஆக்களும் இருக்கினம், ஒரு ஒழுங்கைக் காப்பாத்த மனுசர் எவ்வளவு தூரம் போவினம் எண்டதுக்கு அது நல்ல பாடம்.

இதில கேக்க வேண்டிய கேள்வி இதுதான்: நெப்டியூன் கண்டுபிடிக்க முதல், 1801ல நீங்கள் இருந்திருந்தா, இது விதி இல்ல எண்டு எந்த நியாயத்தை வச்சுச் சொல்லியிருப்பீங்கள்? இதே நெப்டியூன் எங்க இருக்கு எண்டு நியூட்டனின்ர விதியை வச்சு லெவெரியே எண்ட பிரெஞ்சு வானியலாளர் கணக்குப் போட்டு, அவர் சொன்ன இடத்துக்குக் கிட்டவேதான் பேர்லின்ல கண்டவை. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? உங்கட விடையை ஒரு பக்கத்தில எழுதுங்கோ. எழுதின பிறகு அடுத்த படிக்குப் போங்கோ.

படி 4: "அப்பிடி இல்லாட்டி?" எண்டு கேட்டுப் பழகுங்கோ

வெள்ளவத்தையில கடற்கரை ரயில் பாதையில கடவை கேட் விழும், கொஞ்சத்தில ரயில் வரும். ஒவ்வொரு நாளும் இதுதான் ஒழுங்கு. ஆனா நாலு பேர் சேர்ந்து கேட்டைப் பிடிச்சு இறக்கினா ரயில் வராது. கேட் விழாட்டியும் ரயில் வரும். எப்பவும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டு வருது எண்ட உண்மை மட்டும் இருந்தாப் போதாது, மாத்திப் பார்த்தாலும் நிக்குதோ எண்டு கேக்க வேணும்.

மெய்யியல் புத்தகங்கள்ல இதுக்கு ஒரு பேர்போன சோடி உதாரணம் இருக்கு. "1 கிலோமீற்றர் அகலமான சுத்தத் தங்க உருண்டை பிரபஞ்சத்தில எங்கயும் இல்ல", "1 கிலோமீற்றர் அகலமான சுத்த யுரேனியம்-235 உருண்டை பிரபஞ்சத்தில எங்கயும் இல்ல". ரெண்டு வசனமும் உண்மை எண்டே வைப்பம், வடிவத்திலயும் ஒரே மாதிரி. ஆனா தங்கம் அவ்வளவு ஒரே இடத்தில சேரேல்ல, அவ்வளவுதான், சேர்ந்திருந்தா உருண்டை இருந்திருக்கும். யுரேனியம்-235 எண்டா கிட்டத்தட்ட 50 கிலோ, ஒரு 17 சென்ரிமீற்றர் உருண்டை, அதுக்கு மேல சேர்ந்தாலே சங்கிலித் தாக்கம் தொடங்கிடும், கிலோமீற்றர் எண்ட கதைக்கே இடமில்ல. முதலாவது தற்செயல், ரெண்டாவதுக்குப் பின்னால விதி இருக்கு. வெறும் உண்மையை மட்டும் பார்த்தா இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

இப்ப நீங்களே கணக்குப் போட்டுப் பாக்கக்கூடிய ஒண்டு. கொழும்பில மாடி வீடுகள்ல டிஷ் அன்டெனா எல்லாம் நல்லா மேல பார்த்தபடி இருக்கும், ஏனெண்டா அந்தச் செய்மதிகள் பூமத்திய ரேகைக்கு மேல நிக்குது, நாங்கள் அதுக்குக் கிட்ட. தரையில இருந்து 35,786 கிலோமீற்றர் உயரம். இந்தச் செய்மதிகளை வச்சு உலகம் முழுக்கத் தொடர்பாடல் செய்யலாம் எண்டு 1945ல கட்டுரை எழுதின ஆர்தர் சி. கிளார்க் பிறகு 1956ல இலங்கைக்கு வந்து 2008ல சாகும் வரைக்கும் கொழும்பிலதான் கனகாலம் இருந்தவர், அதால இது ஒரு வகையில எங்கட ஊர்க் கணக்கும்தான்.

கேள்வி: பூமி 24 மணித்தியாலத்துக்குப் பதிலா 12 மணித்தியாலத்தில ஒருக்காச் சுத்தியிருந்தா அந்தச் செய்மதி எந்த உயரத்தில நிக்க வேணும்? ஆவர்த்தன காலத்தின்ர வர்க்கம் ஆரையின்ர கனத்துக்கு விகிதசமன், படிச்சதுதான். பூமியின்ர மையத்தில இருந்து இப்ப ஆரை 42,164 கிலோமீற்றர். காலம் பாதியானா ஆரையை 1.587ஆல பிரிக்க வேணும், கிட்டத்தட்ட 26,560 வரும், பூமியின்ர ஆரை 6,378ஐக் கழிச்சா 20,200க்குக் கிட்ட. அப்பிடி ஒரு பூமி இல்ல, இருக்கப்போறதும் இல்ல. இருந்தும் விதி அந்த இல்லாத பூமியைப் பத்தி இவ்வளவு திட்டமாச் சொல்லுது. சரியோ எண்டு எப்பிடிப் பாக்கிறது? உங்கட ஃபோன்ல பிக்மீ பிடிக்கேக்க வேலை செய்யிற ஜிபிஎஸ் செய்மதிகள் கிட்டத்தட்ட 12 மணித்தியாலத்தில ஒருக்காப் பூமியைச் சுத்துது, உயரம் 20,200 கிலோமீற்றர் அளவு.

இதை ஒருக்காக் கையால போட்டுப் பார்த்தாத் தெரியும் தித்தியஸ் போடே சூத்திரத்தில என்ன இல்ல எண்டு. "சூரியன் இன்னும் பாரமா இருந்தா கோள்கள் எங்க இருக்கும்" எண்டு அதிட்ட கேட்டா அதுக்குச் சொல்ல ஒண்டும் இல்ல.

படி 5: ரெண்டு பக்கத்தையும் கேளுங்கோ, ரெண்டு பக்கத்திட்டயும் கஷ்டமான கேள்வி கேளுங்கோ

இவ்வளவு செஞ்சாப் பிறகு, இப்பதான் மெய்யியல்காரரின்ர பேர்கள்.

ஒரு பக்கத்தின்ர வேர் டேவிட் ஹியூம், பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்கொட்லாந்துக்காரர். ஒண்டு நடக்குது, பிறகு மற்றது நடக்குது, அதைத்தான் காணுறம், ரெண்டையும் கட்டிப்போடுற ஒரு கட்டாயத்தை எந்தக் கண்ணும் காணேல்ல எண்டவர். நேற்று வரைக்கும் நடந்ததை வச்சு நாளைக்கும் நடக்கும் எண்டு சொல்ல என்ன நியாயம் எண்டும் கேட்டவர். தமிழ் படிச்ச ஆக்களுக்கு இந்தச் சண்டை புதுசில்ல, மணிமேகலை காப்பியத்தில சமயக்கணக்கர் எல்லாரிட்டயும் போய்க் கேக்கிற காதையில பூதவாதி கண்ணால காணுறதைத்தான் நம்பலாம், அனுமானம் செல்லாது எண்டு சொல்ல, மணிமேகலை திருப்பிக் கேப்பாள், உன்ர தாய் தகப்பனை அனுமானத்தால இல்லாம வேற எப்பிடி அறிஞ்சனி எண்டு. ஹியூமைப் படிக்கப் போறதுக்கு முதல் அந்த இடத்தை ஒருக்கா வாசிச்சிட்டுப் போங்கோ, கேள்வியின்ர பாரம் விளங்கும்.

ஹியூமின்ர வழியில வந்த டேவிட் லூயிஸ் 1973ல சொன்னது இது: பிரபஞ்சத்தில தொடக்கம் முதல் முடிவு வரைக்கும் நடக்கிற எல்லாத்தையும் ஒருத்தர் அறிஞ்சிருக்கிறார் எண்டு வைப்பம். அதைச் சுருக்கி எழுதப் பாக்கிறார். மிச்சம் சிம்பிளா இருக்க வேணும், அதே நேரம் கனக்க விசயத்தைச் சொல்லவும் வேணும், ரெண்டும் ஒண்டையொண்டு இழுக்கும். ரெண்டையும் நல்லாச் சமப்படுத்தின சுருக்கம் எதுவோ அதில வாற பொது வசனங்கள்தான் விதிகள். அதாவது விதி உலகத்தை ஆளேல்ல, நடந்ததின்ர நல்ல சுருக்கம் மட்டும். மேல படி 1ல நீங்கள் அம்புக்குறி போட்டு நாலைஞ்சாச் சுருக்கினதும் இதே வேலைதான், அதால லூயிசின்ர கருத்து உங்களுக்குக் கெதியாப் பிடிபடும்.

மற்றப் பக்கம் ட்ரெட்ஸ்கி, டூலி, ஆம்ஸ்ட்ரோங். 1977ல முதல் ரெண்டு பேரும், 1983ல ஆம்ஸ்ட்ரோங் ஒரு முழுப் புத்தகமாயும் எழுதினவை. இவையின்ர நிலைப்பாடு, திணிவு, ஏற்றம் மாதிரியான குணங்களுக்கு இடையில உண்மையிலயே ஒரு கட்டாயத் தொடர்பு இருக்கு, அந்தத் தொடர்புதான் விதி, அதாலதான் ஒழுங்கு வருது. பிறகு 2007ல டிம் மோட்லின் இன்னும் நேராச் சொன்னவர், விதியை வேற எதாலயும் விளக்கப் போகாதேங்கோ, அதுவே அடிப்படை, முந்தின நிலையில இருந்து அடுத்த நிலையை உண்டாக்கிறது அதுதான் எண்டு. மூண்டாவதா ஒரு வழியும் இருக்கு, அலெக்சாண்டர் பேர்ட் மாதிரி ஆக்கள்: விதி வெளிய இருந்து வந்து ஒண்டையும் பிடிச்சுத் தள்ளேல்ல, இலத்திரனுக்கு ஏற்றம் இருக்கு எண்டாலே மற்ற இலத்திரனைத் தள்ளுற இயல்பு அதுக்குள்ள இருக்கு எண்டுதான் அர்த்தம், நெருப்புக்குச் சூடு மாதிரி.

இனிக் கேள்விகள். லூயிஸ் பக்கத்திட்டக் கேளுங்கோ: கல்லு ஏன் விழுந்தது எண்டா விதியால எண்டு சொல்லுறீங்கள், விதி எண்டா என்ன எண்டு கேட்டா கல்லு விழுந்தது உட்பட எல்லாத்தின்ர சுருக்கம் எண்டுறீங்கள், சுத்திச் சுத்தி அதே இடத்துக்குத்தானே வாறீங்கள்? அவைட்ட மறுமொழி இருக்கு. பாரி லோவர் எண்டவர் விளக்கம் எண்டதில ரெண்டு வகை இருக்கு, நிகழ்வுகள் விதியை ஆக்கிறது ஒரு வகை, விதி நிகழ்வை விஞ்ஞான ரீதியா விளக்கிறது வேற வகை, அதால வட்டம் இல்ல எண்டு சொல்லுறார். ஆம்ஸ்ட்ரோங் பக்கத்திட்டக் கேளுங்கோ: "கட்டாயத் தொடர்பு" எண்டு ஒரு பேரை வச்சிட்டீங்கள், சரி, அந்தத் தொடர்பு இருந்தா ஒழுங்கு ஏன் வந்தே ஆக வேணும்? பேர் வச்சதால மட்டும் அந்த வேலை நடந்திடாது. இந்தக் கேள்விக்கு அவையிட்டயும் லேசான மறுமொழி இல்ல.

என்ர சாய்வு மோட்லின் பக்கம். இல்லாத 12 மணித்தியாலப் பூமியைப் பத்தி விதி அவ்வளவு உறுதியாப் பேசேக்க, நடந்ததின்ர வெறும் சுருக்கத்துக்கு எங்கால அந்த அதிகாரம் வந்தது எண்டு எனக்கு விளங்கேல்ல. லூயிஸ் பக்கம் இதுக்கும் கெட்டித்தனமா மறுமொழி சொல்லும், இப்பிடி இல்லாட்டி எண்டு யோசிக்கேக்க எதை மாறாமப் பிடிச்சு வச்சிருக்கிறம் எண்டதுதான் விசயம், அது எங்கட யோசனையின்ர அமைப்பு எண்டு. எனக்கு அது போதேல்ல. உங்களுக்குப் போதலாம். ஆனா படி 1 தொடக்கம் 4 வரை செய்யாம ஒரு பக்கத்தைத் தெரிஞ்செடுக்க வேண்டாம், வெறும் ருசியில எடுத்த பக்கம் முதல் கேள்வியிலயே கையை விட்டிடும்.

படி 6: காலிமுகத்திடல்ல ஒரு பட்டத்தைப் பாருங்கோ

நான்சி கார்ட்ரைட் 1983ல ஒரு துணிச்சலான வாதம் வச்சவ: அடிப்படை விதிகள் உண்மையா நடக்கிறதை அப்பிடியே சொல்லுறதே இல்ல. ஈர்ப்பு விதி சொல்லுற விசையில ஒரு பொருள் அசைய வேணுமெண்டா வேற எந்த விசையும் இருக்கக் கூடாது, அப்பிடி ஒரு பொருள் எங்க? காலிமுகத்திடல் காத்தில ஆடுற பட்டத்தை எடுங்கோ. அது அடுத்த செக்கன் எங்க இருக்கும் எண்டு ஆரும் நியூட்டனை வச்சுச் சொன்னதில்ல. "கொள்கையளவில சொல்லலாம்" எண்டு நாங்கள் நம்புறம், அந்த நம்பிக்கைக்கு என்ன ஆதாரம் எண்டதுதான் அவவின்ர கேள்வி. ஆய்வுகூடத்தில காத்தை அடைச்சு, உராய்வைக் குறைச்சு நாங்களே கட்டின இடங்கள்லதான் விதி வடிவாத் தெரியுது.

மறுமொழி இருக்கு: விதி சொல்லுறது முழு அசைவை இல்ல, ஒவ்வொரு விசையின்ர பங்கை, மிச்சத்தைக் காவிக் கூட்டல் பாத்துக்கொள்ளும். அப்ப அந்தப் "பங்கு" எண்டது உண்மையில உலகத்தில இருக்கிற ஒண்டோ, கணக்குக்காக நாங்கள் பிரிச்செடுத்ததோ? கூட்டாளியோட வாக்குவாதம் பண்ண இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது, கடலைச் சுண்டலும் வாங்கிக்கொண்டு இருங்கோ.

படி 7: விதிகளுக்கும் மேல ஒரு விதி இருக்கோ?

1918ல எமி நோத்தர் எண்ட ஜேர்மன் கணிதவியலாளர் ஒரு தேற்றம் வெளியிட்டவ. சுருக்கமா, விதிகள் இண்டைக்கும் நாளைக்கும் ஒரே மாதிரி எண்டா சக்தி காக்கப்படும், இஞ்சையும் அங்கையும் ஒரே மாதிரி எண்டா உந்தம் காக்கப்படும், எந்தப் பக்கம் திரும்பி நிண்டாலும் ஒரே மாதிரி எண்டா கோண உந்தம் காக்கப்படும். ஏ.எல்.ல தனித்தனியாப் பாடமாக்கின மூண்டு காப்பு விதியும் சமச்சீர் எண்ட ஒரே வேரில இருந்து வருது. இதைக் கண்டாப் பிறகு வான் ஃப்ராசன் மாதிரி மெய்யியல்காரர் சிலர் விதி எண்ட எண்ணத்தையே விட்டிடுவம், சமச்சீரை மட்டும் வச்சுக்கொள்ளுவம் எண்டு 1989ல சொல்லுற அளவுக்குப் போச்சினம்.

ஆனா சமச்சீர்தானே எண்டு கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் ஏலாது. கண்ணாடியில தெரியிற உலகமும் அதே விதிகளோடதான் ஓடும் எண்டு எல்லாரும் நினைச்சிருந்தவை. 1956ல லீ, யாங் எண்ட ரெண்டு பௌதிகவியலாளர் அதைச் சோதிச்சே பாக்கேல்லையே எண்டு காட்ட, வூ எண்ட அம்மா கோபால்ட்-60 வச்சுப் பரிசோதனை செஞ்சு, மென் தாக்கத்தில (சில அணுக்கருக்கள் சிதையிறதுக்குக் காரணமான விசையில) அது பொய் எண்டு நிரூபிச்சவ. 1957 நோபல் லீக்கும் யாங்குக்கும் போச்சு, வூவுக்குக் குடுக்கேல்ல, அது அநியாயம் எண்டுதான் நான் இண்டைக்கும் சொல்லுவன்.

படி 8: "விதி மாறிட்டுது" எண்டு சொல்லுறவையிட்ட ரெண்டு விசயத்தைப் பிரிக்கச் சொல்லுங்கோ

புதனின்ர பாதை நூறு வருசத்துக்கு 43 வில்செக்கன் (ஒரு வில்செக்கன் எண்டா ஒரு பாகையின்ர 3600ல ஒரு பங்கு) கூடத் திரும்புது, நியூட்டனுக்குள்ள அது அடங்கேல்ல. லெவெரியே 1859ல இப்பிடி ஒரு கூடுதல் இருக்கு எண்டு சொல்லி, உள்ளுக்குள்ள இன்னொரு கோள் இருக்கும் எண்டார், நெப்டியூன்ல வெண்ட அதே வழி. இந்த முறை கோள் இல்ல. 1915 நவம்பர்ல ஐன்ஸ்டைன் புதுக் கோட்பாட்டால அந்த 43ஐயும் கொண்டு வந்தார். விதி மாறேல்ல, விதியைப் பத்தி நாங்கள் எழுதி வச்ச வசனம்தான் மாறினது எண்டு கனபேர் சொல்லுவினம், நானும் அப்பிடித்தான் நினைக்கிறன். லூயிஸ் பக்கத்தில நிக்கிற ஆளுக்கு இந்த வித்தியாசத்தை எப்பிடிச் சொல்லுறது எண்டு யோசிச்சுப் பாருங்கோ, அவராலயும் சொல்ல ஏலும், ஆனா வேற சொல்லுல.

வாசிக்கிறதுக்கு

ஆர்ட்ஸ் படிச்ச கூட்டாளி ஒராளைப் பிடிச்சு ஏ.எல். அளவையியலும் விஞ்ஞானமுறையும் பாடத்தின்ர நோட்சை வாங்குங்கோ. தொகுத்தறி (கண்டதுகளை வச்சுப் பொது முடிவுக்குப் போற முறை), விஞ்ஞானமுறை பத்தி எழுதின பொப்பர், கூன் எல்லாம் தமிழ்ல, கலைச்சொல்லோட அதுக்குள்ள இருக்கு, சயன்ஸ் பக்கத்துப் பிள்ளைகள் அதைத் திரும்பியும் பாக்கிறேல்ல, பெரிய நட்டம். வெள்ளவத்தைத் தமிழ்ச்சங்க நூலகத்திலயும் கொழும்புப் பொது நூலகத்திலயும் மெய்யியல் தட்டை ஒருக்காத் துளாவுங்கோ. இணையத்தில ஸ்டான்ஃபோர்ட் மெய்யியல் கலைக்களஞ்சியம் முழுக்க இலவசம், அதில இயற்கை விதிகள் எண்ட கட்டுரையை எடுத்து, முதல் வாசிப்பில லூயிசும் ஆம்ஸ்ட்ரோங்கும் வாற பகுதிகளை மட்டும் வாசிச்சிட்டு மூடி வையுங்கோ, மிச்சம் பிறகு. ஆங்கிலத்தில வாசிச்சாலும் வாக்குவாதத்தைத் தமிழ்ல செய்யுங்கோ, விளங்காத இடம் வாயில வரேக்க உடன பிடிபடும்.

எட்டுப் படியும் முடிச்ச ஆக்களுக்கு ஒரு வேலை. பிரபஞ்சம் விரிஞ்சு கொண்டிருக்கு, தூர விண்மீன் கூட்டங்கள்ல இருந்து வாற ஒளி வழியிலயே சிவப்புப் பக்கம் இழுபடுது, ஒவ்வொரு போட்டோனும் சக்தியை இழக்குது. அந்தச் சக்தி எங்க போச்சு? படி 7ல நோத்தர் போட்ட "எண்டா"வைத் திருப்பிப் பாருங்கோ, விரியிற பிரபஞ்சத்தில இண்டைக்கும் நாளைக்கும் ஒரே மாதிரி எண்ட நிபந்தனை நிக்குதோ எண்டு பாருங்கோ. பிறகு முதல் பக்கத்துக்குப் போய், சக்திக் காப்பு விதிக்குப் பக்கத்தில "எப்ப உடையும்" எண்ட இடத்தில என்ன எழுதியிருந்தீங்கள் எண்டு பார்த்து, தேவையெண்டா வெட்டி எழுதுங்கோ.